பத்துக்கு எவ்வளவு

சாத்தப்பன் கேட்டது ஒரே ஒரு எண்.
பத்துக்கு எவ்வளவு, சொல்லு உமையா.
நாளைக்குள் பணம் போட வேண்டும்,
தீவுக்காரன் காத்திருக்கிறான்.

கானாடுகாத்தானில் மின்சாரம் இல்லை.
மே மாதப் பிற்பகல்.
எதிர்வீட்டு வேம்பு
புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறது.
இப்படி ஒரு நாளில்
காற்றைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாளின் தலையில் பிள்ளையார் சுழி.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

வரவு:
முதல் குழியில் கடல் தெரியவில்லை, வாசனை மட்டும்.
கட்டியவனுக்குப் பொறுமை உண்டு.
நான்காவதில் குன்றின் முதுகில் ஏற்றிவிட்டுச்
சட்டென்று காட்டுகிறான்.
அங்கே யாரும் பந்தைப் பார்ப்பதில்லை.

செலவு:
பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு நடக்க முடியாது,
பக்கியில் அரைக் கிலோமீட்டர் ஏற்றம்.
ஒரு பாட்டில் தண்ணீர் விலையில்
இங்கே இரண்டு பேர் இலை போட்டுச் சாப்பிடலாம்.
ஒன்பதாவது கிரீன், ஓட்டுக்கூரைச் சரிவு.
பந்து நிற்க ஒரு சாண் இடமில்லை.
கடினம் வேறு, கஞ்சத்தனம் வேறு.

ஏழாவதை எந்தப் பக்கம் எழுதுவது?

நூற்று நாற்பது கஜம்.
இடது பக்கம் பாறையும் கடலும், வலது பக்கம் காடு.
கேடி சுராயா ஒரு பிடி புல்லைக் கிள்ளி மேலே விட்டாள்.
புல் என் தோளைத் தாண்டிக் காட்டுக்குள் போனது.
ஐந்தாம் நம்பர் அயர்னை நீட்டினாள்:
கடலைப் பார்த்து அடிங்கள், கொடியைப் பார்க்காதீர்கள்.
நான் கொடியைப் பார்த்தேன்.

பந்து எழுந்தது,
கடன் கேட்க வந்தவன் வாசலில் தயங்குவதுபோல்
அந்தரத்தில் ஒரு கணம் நின்றது,
பிறகு அவிழ்த்துவிட்ட கன்றாய்
காட்டுக்குள் ஓடியே போனது.
சுராயா ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த பந்தைத் துடைத்துக் கொடுத்தாள்.
அதைக் கடலுக்கு அடித்தேன்.
கிரீனில் வந்து உட்கார்ந்தது.

அந்த மகிழ்ச்சியை யார் பேரில் எழுத?
கட்டியவன் பேரிலா, காற்றின் பேரிலா?
காற்றுக்கு அவன் சம்பளம் தருவதில்லை.
அது விடுப்பு எடுக்கும் நாளில்
ஏழாவது வெறும் புல்தரை,
யார் வேண்டுமானாலும் அடித்துவிட்டுப் போகலாம்.
தோற்கடித்ததால்தான் எனக்குப் பிடித்ததோ?

எழுந்து வளவுக்குப் போனேன், பட்டரோடு.
ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.
மட்டம் என்று கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பேன்.
எட்டடி தள்ளி ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து அடித்தேன்.
பந்து இடப்பக்கம் ஒதுங்கியது.
மறுபடியும் அடித்தேன். மறுபடியும் ஒதுங்கியது.
மூன்றாம் முறை சும்மா கையால் உருட்டிவிட்டேன்,
எங்கேதான் போகிறது பார்ப்போம் என்று.
தூணை உரசி, முற்றத்து ஓரமாக ஊர்ந்து,
தண்ணீர் போகும் துளையைக் கண்டுபிடித்து
டொக்கென்று விழுந்தது.

கழுவிய நீர் ஓட வேண்டுமே,
எவனோ ஒரு கொத்தன்
விரற்கடை வாட்டம் வைத்திருக்கிறான்.
நாற்பத்தாறு வருடம்
இதன்மேல் நடந்திருக்கிறேன்.

திரும்பி வந்து ஒன்பதாவதைப் படித்தேன்.
அந்தத் தீவில் ஏழு மாதம் மழை.
அவ்வளவு தண்ணீரும் எந்த வழியாகப் போகும் என்று
நான் பார்க்கவே இல்லை.
கஞ்சத்தனத்தை அடித்தேன்.
அடித்ததன் மேல் ஒரு கேள்விக்குறி.

ஆறு மணிக்கு மறுபடி சாத்தப்பன்.
காற்றில்லாத ஒரு நாள் போய் ஆடிப் பார்த்துவிட்டுச்
சொல்கிறேன் என்றேன்.
அங்கே காற்றில்லாத நாளே கிடையாதாமே என்றான்.

அப்படியானால் எட்டு என்றேன்.

மனதில் இருந்தது ஏழரை.
பணம் போடப் போகிறவனிடம்
ஏழரை என்று எப்படிச் சொல்வது?